படகு ஊரில் நின்றுபோன தறிகள்

நான் இருக்கும் ஊரின் பெயரை எங்கள் சொந்தக்காரர்களில் ஒருவரும் இதுவரை சரியாகச் சொன்னதில்லை. எழுத்தைப் பார்த்துப் படித்தால் 'லோட்ஸ்' என்று வரும். போலந்துக்காரர்கள் சொல்வது 'வூச்'. படகு என்று அர்த்தம். படகு விட ஊரில் ஆறு கிடையாது. ஓடிக்கொண்டிருந்த சிற்றாறுகளில் ஆலைகள் சாயக்கழிவைக் கலந்து நாறடித்தன. பிறகு அவற்றைக் குழாய்க்குள் அடக்கித் தெருவுக்கு அடியில் புதைத்துவிட்டார்கள். பெயர் மட்டும் மேலே நிற்கிறது. அம்மா இன்னும் "அந்த ஊச்சு ஊரு" என்றுதான் சொல்கிறாள்.

2017-இல் இங்கே வந்தேன். வேறு நாட்டு நிறுவனங்களுக்கு வரும் பில்களைச் சரிபார்த்துக் கணக்கில் ஏற்றும் வேலை. ஒரு வருடம் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் கிளம்பினேன். எல்லாரும் அப்படித்தானே கிளம்புகிறார்கள்.

வந்த புதிதில் எனக்குக் காட்டப்பட்ட போலந்து ஒரு வெற்றிக் கதை. அலுவலகத்தில் முதல் வாரப் பயிற்சியில் ஒரு வரைபடம் போட்டார்கள். 2009-இல் ஐரோப்பா முழுக்கச் சிவப்பு, நடுவில் போலந்து மட்டும் பச்சை. உலக நிதி நெருக்கடியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் மற்ற நாடுகளெல்லாம் சரிந்தபோது இந்த ஒரு நாடு மட்டும் வளர்ந்தது. அன்றைய பிரதமர் டொனால்ட் டுஸ்க் இதே போன்ற வரைபடத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டதை இங்கே பலரும் சிரித்துக்கொண்டே நினைவுகூர்வார்கள். 'பச்சைத் தீவு' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அது பொய்யல்ல. 2004-இல் ஒன்றியத்தில் சேர்ந்தபோது, விலைவாசி வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தால், போலந்தின் தலைக்கு வருமானம் ஒன்றியத்தின் சராசரியில் பாதி. இப்போது ஏறக்குறைய 80 சதவீதம். 2025-இல் மொத்தப் பொருளாதாரம் ஒரு லட்சம் கோடி டாலரைத் தொட்டுவிட்டது. 1980களில் கடைகளில் வினிகர் பாட்டிலைத் தவிர வேறெதுவும் இல்லை என்று கிண்டலடித்த நாடு இது.

சரி, வெற்றிதான். ஆனால் நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். அவரைச் சந்திக்கும்வரை வெற்றி என்றால் அதற்கு ஒரு தேதியும் ஒரு விலைச்சீட்டும் இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

பாட்டி என்று இங்கே எழுதுகிறேனே தவிர, நேரில் 'பானி' என்றுதான் கூப்பிடுகிறேன். பெண்களுக்கு 'பானி', ஆண்களுக்கு 'பான்'. போலிஷ் மொழியில் மரியாதை என்பது விசித்திரமான சங்கதி. 'நீங்கள் எங்கே போகிறீர்கள்' என்று கேட்கக்கூடாது. 'பான் எங்கே போகிறார்' என்று எதிரில் நிற்பவரையே படர்க்கையில் கேட்க வேண்டும். நம் ஊரில் பெரியவர்களிடம் "ஐயா எப்ப வந்தாங்க" என்று அவர்கள் முகத்தைப் பார்த்தே கேட்போம் அல்லவா, கிட்டத்தட்ட அது. இந்த ஒரு இடத்தில் மட்டும் எனக்குப் போலிஷ் சுலபமாக வந்தது.

அவர் 1948-இல் பிறந்தவர். பதினேழு வயதில் நெசவாலையில் சேர்ந்தார். எங்கள் கட்டடத்தில் ஒருநாள் அவருடைய உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கிக் கொடுத்ததில் பழக்கம். கண்ணாடி டம்ளரில் எலுமிச்சைத் துண்டு போட்ட கட்டன் தேநீர் கொடுத்துவிட்டு, என் ஊர் எது என்று கேட்டார். கோயம்புத்தூர் என்று சொல்லி என்ன புரியப் போகிறது? அப்பா ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தார், அந்த மில் மூடிவிட்டது என்றேன். "எத்தனை ஷிப்டு?" என்று கேட்டார். மூன்று என்றேன். அதற்கப்புறம் நாங்கள் அந்நியர்கள் இல்லை.

கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்பது போல வூச்சைப் போலந்தின் மான்செஸ்டர் என்பார்கள். (உண்மையான மான்செஸ்டருக்கு இத்தனை குழந்தைகளா என்று தோன்றும்.) பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு சிற்றூர் சில பத்தாண்டுகளில் புகைபோக்கிகளின் காடாக மாறியது. ஷைப்லர் என்ற ஜெர்மானியர், போஸ்னான்ஸ்கி என்ற யூதர் போன்றவர்கள் கட்டிய செங்கல் ஆலைகள் கோட்டை மாதிரி இருக்கும். ரஷ்யப் பேரரசின் சந்தைக்காக நெய்தார்கள். இரண்டாம் உலகப்போர் இந்த ஊரின் யூதர்களை அழித்தது, ஜெர்மானியர்களை விரட்டியது. கட்டடங்கள் மட்டும் பெரும்பாலும் அப்படியே நின்றன. கம்யூனிஸ்ட் அரசு அவற்றை எடுத்துக்கொண்டு, புரட்சிக்காரர்களின் பெயரை வாசலில் மாட்டி, அதே கூடங்களில் தறிகளை ஓட்டியது. சந்தையும் அதேதான். ஜார் மன்னனுக்குப் பதில் சோவியத் ஒன்றியம்.

ஓட்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். போலந்துத் தொழிலாளி என்றால் உலகத்துக்குத் தெரிந்த உருவம் க்தான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் மதில் மேல் ஏறி நின்ற மீசைக்காரர் லேக் வவென்சா. அதற்குப் பத்து வருடம் முன்பு, 1970 டிசம்பரில், உணவு விலையேற்றத்தை எதிர்த்து வடக்குக் கடற்கரையில் கப்பல்தளத் தொழிலாளர்கள் எழுந்தார்கள். அரசு சுட்டது. பலர் செத்தார்கள், கட்சித் தலைவர் மாறினார், விலை மட்டும் மாறவில்லை. 1971 பிப்ரவரியில் வூச் நகரத்து நெசவுப் பெண்கள் தறியை நிறுத்தினார்கள். பிரதமர் யாரோஷேவிச் ஓடிவந்து அவர்களிடம் பேசிப் பார்த்தார். பெண்கள் மசியவில்லை. சில நாட்களில் விலையேற்றம் திரும்பப் பெறப்பட்டது. கப்பல்தளத்தில் உயிர் கொடுத்தும் கிடைக்காததை இவர்கள் தறியை நிறுத்தியே வாங்கினார்கள்.

பானிக்கு அப்போது இருபத்திரண்டோ இருபத்திமூன்றோ. "நாங்கள் வீரர்கள் ஒன்றும் இல்லை. அன்றைக்கு மாலை வீட்டுக்குப் போய் என்ன சமைப்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்" என்பார். 1981 ஜூலை கடைசியில் பியோத்ர்கோவ்ஸ்கா தெருவில் பெண்கள் குழந்தைகளோடு நடந்த பட்டினி ஊர்வலத்திலும் அவர் இருந்தார். மகனைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்திருந்தாராம். கம்யூனிஸ்ட் அரசை எதிர்த்து வவென்சா தலைமையில் எழுந்த 'சாலிடாரிட்டி' தொழிற்சங்கத்தின் அட்டையை ஒரு பிஸ்கட் டப்பாவில் இன்னும் வைத்திருக்கிறார்.

அந்தச் சங்கம் வென்றது. 1989-இல் வட்டமேசைப் பேச்சு, ஜூனில் தேர்தல், ஆகஸ்டில் கம்யூனிஸ்ட் அல்லாத பிரதமராக மசோவியெத்ஸ்கி. அவருடைய நிதியமைச்சர் லெஷெக் பால்செரோவிச். 1990 ஜனவரி 1 அன்று அவர் திட்டம் நடைமுறைக்கு வந்தது. விலைக் கட்டுப்பாடுகள் போயின, மானியங்கள் வெட்டப்பட்டன, எல்லை திறந்தது, நாணயம் மாற்றத்தக்கதானது. அந்த ஜனவரியில் மத்திய வங்கியின் வட்டி ஒரு மாதத்துக்கு 36 சதவீதம், ஆம், மாதத்துக்குத்தான். பழைய கடன் வைத்திருந்த ஆலைகளுக்கு மூச்சு முட்டியது. அரசு ஆலைகள் கூலியைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் உயர்த்தினால் தண்டனை வரி வேறு. அந்த வருடம் மட்டும் விலைவாசி ஏறக்குறைய 585 சதவீதம் ஏறியது. 1991 ஜனவரியில் சோவியத் வர்த்தகம் டாலர் கணக்குக்கு மாறியதும் பெரிய வாடிக்கையாளரும் கைவிட்டுப் போனார். அந்த ஆண்டின் முடிவில் அந்த நாடே இல்லை. வூச்சின் ஆலைகளுக்கு மூன்று பக்கமும் அடி.

பால்செரோவிச்சைத் திட்டுவது சுலபம். ஊரில் பாதிப் பேர் இன்றும் அதைச் செய்கிறார்கள். நான் அவ்வளவு சுலபமாகத் திட்டமாட்டேன். எண்ணூறு, ஆயிரம் சதவீதத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்த விலைவாசியை அவர் நிறுத்தியிருக்காவிட்டால் பானியின் கூலி எப்படியும் காகிதமாகத்தான் போயிருக்கும். 1991-இல் பாரிஸ் கிளப் என்ற கடன் கொடுத்த நாடுகளின் குழு போலந்தின் கடனில் பாதியைத் தள்ளுபடி செய்தது. அந்தத் தள்ளுபடி இல்லாமல் இந்தப் பச்சைத் தீவு இல்லை. கடனைப் பற்றி நம் ஊர்ப் பொருளாதாரக் கட்டுரைகளில் இவ்வளவு அறிவுரை வருகிறதே, இந்த ஒரு வரியை மட்டும் யாரும் எழுதக் காணோம்.

என் கேள்வி வேறு. மருந்து கசப்பானது, சரி. யார் குடித்தார்கள், யாருக்குக் குணமானது?

பானிக்கு வேலை போனபோது வயது நாற்பத்து மூன்று. இருபத்தாறு வருட அனுபவம். ஓய்வூதியத்துக்கு வயது பத்தாது, புது வேலைக்கு வயது அதிகம். சிலேசியாவின் சுரங்கத் தொழிலாளர்கள் வெளியே அனுப்பப்பட்டபோது, 1998-இல், அரசு அவர்களுக்குப் பெரிய தொகையை ஒரே தவணையில் கொடுத்தது. அவர்கள் வார்சாவுக்கு பஸ்ஸில் வந்து அமைச்சகத்தின் முன் நின்று சத்தம் போடக்கூடியவர்கள். நெசவுப் பெண்களுக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. இருபது வருட தறிச் சத்தத்தில் காது மந்தமானவர்கள் சத்தம் போட்டால் யார் காதில் விழும்? பல்கலைக்கழகச் சமூகவியலாளர்கள் 1990களில் இந்த ஊரின் நடுவிலேயே வறுமைத் தீவுகளைத் தெருத் தெருவாகக் குறித்து வைத்தார்கள். அதுவும் தீவுதான். பச்சை இல்லை.

பானி வீட்டுக்குள் தையல் இயந்திரம் போட்டார். ஊருக்குத் தெற்கே துஷின், ஜ்கூஃப் என்ற இடங்களில் பெரிய துணிச் சந்தைகள் முளைத்திருந்தன. உக்ரைனிலிருந்தும் பெலாரசிலிருந்தும் பெரிய பைகளோடு வியாபாரிகள் பஸ் பஸ்ஸாக வருவார்கள். ஒரு ஆள் துணி கொண்டுவந்து போடுவார், இவர் இரவு தைத்துக் கொடுப்பார், விடியற்காலையில் சந்தை. கணக்கு, ரசீது, பென்ஷன் பிடித்தம் எதுவும் கிடையாது. அதனால் அந்த வருடங்கள் அவருடைய இன்றைய ஓய்வூதியக் கணக்கில் இல்லை. உழைத்த வருடங்கள்தான், காகிதத்தில் மட்டும் அவர் அப்போது சும்மா இருந்தார்.

இந்தச் சந்தைகளைச் சுதந்திரச் சந்தையின் மழலைப் பருவம் என்று வர்ணிப்பவர்கள் உண்டு. அங்கிருந்து கோடீஸ்வரர்கள் கிளம்பியதும் உண்மை. ஆனால் கடை போட்டவர் பணக்காரரானார், தைத்துக் கொடுத்தவருக்கு முதுகுவலி வந்தது.

வேலையில்லாத் திண்டாட்டம் 2002, 2003-இல் நாடு முழுக்க 20 சதவீதத்தைத் தொட்டது. ஐந்தில் ஒருவர். அப்புறம் 2004 மே 1, ஐரோப்பிய ஒன்றியம். இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்வீடன் மூன்றும் உடனே கதவைத் திறந்தன. 2007 முடிவில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட போலந்துக்காரர்கள் வெளிநாட்டில் இருந்ததாக அரசின் புள்ளிவிவரத் துறையே மதிப்பிட்டது. வேலையின்மை குறைந்ததற்கு வளர்ச்சி ஒரு காரணம். வேலை தேடியவர்கள் விமானம் ஏறிப் போனது இன்னொரு காரணம். முதலாவதை மட்டும்தான் வரைபடம் போட்டுக் காட்டுகிறார்கள். தள்ளுவண்டியில் பட்டினி ஊர்வலம் போன பானியின் மகன் இப்போது இங்கிலாந்தில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். பேரப்பிள்ளைகள் வீடியோ அழைப்பில் பாட்டியிடம் ஆங்கில வாடையடிக்கும் போலிஷில் பேசுகிறார்கள். 1980களின் கடைசியில் எட்டரை லட்சம் பேர் இருந்த ஊர் இன்று ஆறரை லட்சத்துக்குச் சுருங்கிவிட்டது.

அந்த இடைவெளியில்தான் நான் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

வளர்ச்சியின் பலன் யாருக்கு என்று கேட்டால் முதலில் கையைத் தூக்க வேண்டியவன் நான்தான். 1990-இல் இந்த நாட்டில் சுமார் நான்கு லட்சம் கல்லூரி மாணவர்கள். 2005 வாக்கில் பத்தொன்பது லட்சத்துக்கும் மேல். ஒரு தலைமுறை அப்படியே படிப்பில் குதித்தது. ஜெர்மனும் ஆங்கிலமும் தெரிந்த, மேற்கு ஐரோப்பாவின் கூலியில் பாதிக்கும் கீழே வேலை செய்யத் தயாராக இருந்த அந்தத் தலைமுறையைத் தேடித்தான் கணக்கு அலுவலகங்களும் மென்பொருள் நிறுவனங்களும் இங்கே வந்தன. ஆள் பற்றாதபோது எங்களையும் கூப்பிட்டார்கள். 1991-இல் பதினைந்து வயதாக இருந்தவர் தப்பித்தார். நாற்பத்து மூன்று வயதாக இருந்தவர் மாட்டிக்கொண்டார். திறமை, உழைப்பு, முயற்சி என்று ஆயிரம் சொல்லலாம். இந்த நாட்டில் பிறந்த வருடத்தைப் போல விதியை நிர்ணயித்த எண் வேறொன்று இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

எண்களையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். அதிகாரபூர்வக் குடும்பக் கணக்கெடுப்புகளின்படி போலந்து ஐரோப்பாவில் ஏற்றத்தாழ்வு குறைவான நாடுகளின் பக்கம் நிற்கிறது. அரசியல்வாதிகள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் வீடு வீடாகப் போய் வருமானம் கேட்டால் பெரும் பணக்காரர் கதவைத் திறப்பதில்லை, திறந்தாலும் முழுசாகச் சொல்வதில்லை. பாவெல் புகோவ்ஸ்கி, பிலிப் நோவோக்மெத் என்ற இரு ஆய்வாளர்கள் வரிக் கணக்குகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். நாட்டின் மொத்த வருமானத்தில் மேல்தட்டு 10 சதவீதத்தினரின் பங்கு 1989-இல் 23 சதவீதம், 2015-இல் 35 சதவீதம். உச்சியில் இருக்கும் 1 சதவீதத்தினரின் பங்கு 4-இலிருந்து 13 ஆகிவிட்டது.

வரியும் அதற்கு ஒத்தாசை. 2004 முதல் தொழில் நடத்துபவர்களுக்கு வருமானம் எவ்வளவானாலும் 19 சதவீதம் என்ற ஒரே விகிதத்தைத் தேர்ந்துகொள்ளும் வசதி உண்டு. மென்பொருள்காரர் ஒருவர் நிறுவனத்தில் ஊழியராகச் சேராமல் 'ஒரு ஆள் கம்பெனி' என்று பதிவு செய்துகொண்டு, அதே மேசையில் அதே வேலையைச் செய்யலாம். இப்போது அவர்களில் பலர் செலவைக் கழிக்காமல் மொத்த வருவாயின் மேல் கட்டும் 12 சதவீத வரியில் இருக்கிறார்கள். சமூகப் பாதுகாப்புக்கு அவர்கள் கட்டும் தொகையும் வருமானத்தோடு ஏறுவதில்லை. என் நண்பர் ஒருவர் இதைக் கண்டுபிடித்த நாளில் எங்களுக்கெல்லாம் பீட்சா வாங்கிக் கொடுத்தார். இதே ஏற்பாடு சம்பள ஏணியின் அடியில் தலைகீழ். பாதுகாவலர், துப்புரவாளர், கடைச் சிப்பந்தி இவர்களைப் பல இடங்களில் 'ஷ்மெச்சூஃப்கா' என்ற ஒப்பந்தத்தில்தான் வைத்திருந்தார்கள். சொல்லின் வேர் குப்பை. குப்பை ஒப்பந்தம். விடுப்பு கிடையாது, நாளைக்கு வராதே என்றால் அவ்வளவுதான். மேலே இருப்பவருக்கு ஊழியர் இல்லை என்ற பெயர் லாபம். கீழே இருப்பவருக்கு அதே பெயர் நஷ்டம்.

லாபம் எல்லை தாண்டுவது இன்னொரு கதை. 2014-இல் அமேசான் வ்ரோத்ஸ்வாஃப், போஸ்னான் நகரங்களின் பக்கம் பிரம்மாண்டமான கிடங்குகளைத் திறந்தது. ஆயிரக்கணக்கான போலந்துக்காரர்கள் அங்கே பெட்டி கட்டினார்கள். ஆனால் போலந்துக்கான அமேசான் தளம் திறந்தது 2021-இல்தான். அதுவரை கட்டிய பெட்டிகள் முக்கியமாக ஜெர்மன் வீடுகளுக்கு. கூலி போலந்துக் கூலி. பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் தோமா பிக்கெட்டி ஒரு கணக்கு போட்டார். 2010 முதல் 2016 வரை ஒன்றியத்திலிருந்து போலந்துக்கு நிகரமாக வந்த உதவி ஆண்டுக்கு நாட்டு உற்பத்தியில் 2.7 சதவீதம்; வெளிநாட்டு உரிமையாளர்களுக்கு லாபமாகவும் சொத்து வருமானமாகவும் வெளியே போனது 4.7 சதவீதம். இரண்டையும் இப்படி ஒன்றுக்கு ஒன்று கழிப்பது முழு நியாயமில்லை. அந்த முதலீடு இல்லாவிட்டால் அந்தத் தொழிற்சாலைகளும் இல்லை. ஆனாலும் பெர்லினிலோ பாரிசிலோ யாராவது "நாங்கள் உங்களுக்குக் கொடுக்கிறோம்" என்று பேசும்போது இந்த இரண்டு எண்களையும் நினைத்துக்கொள்வேன்.

இதெல்லாம் நகரத்துக் கதை. கிராமத்துக் கதை எனக்கு நேரடியாகத் தெரியாது, ஒரே ஒரு முறை பார்த்ததைத் தவிர. வடகிழக்கே, முன்பு அரசுப் பண்ணை இருந்த ஒரு ஊருக்கு அலுவலக நண்பரோடு போனேன். வயல்வெளி நடுவே சம்பந்தமில்லாமல் நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று. பண்ணைத் தொழிலாளர்களுக்காகக் கட்டியது. 1991-இல் சட்டம் போட்டுப் பண்ணைகளைக் கலைத்தார்கள். நிலம் விலை போனது, குடியிருப்பில் மனிதர்கள் மிஞ்சினார்கள். பிறகு பஸ்ஸும் நின்றது. சனி, ஞாயிறு ஊரைவிட்டு நகர வேண்டுமானால் யாரிடமாவது கார் கேட்க வேண்டும். நண்பரின் அம்மா, "ஒன்றியப் பணத்தில் சாலை போட்டார்கள், நல்ல சாலை. அதில் போகத்தான் ஒன்றும் இல்லை" என்றார்.

2015-இல் 'சட்டமும் நீதியும்' கட்சி ஆட்சிக்கு வந்ததும், 2016 ஏப்ரலில் குழந்தைகளுக்கு மாதம் 500 ஸ்வோட்டி தர ஆரம்பித்தது. அந்தக் கட்சி நீதிமன்றங்களுக்கும் ஊடகங்களுக்கும் செய்ததை நான் மன்னிக்கத் தயாரில்லை. ஆனால் இந்தப் பணத்தைப் பற்றி என் படித்த நண்பர்கள் பேசியதும் எனக்குப் பிடிக்கவில்லை. "குடித்தே அழிப்பார்கள்" என்றார்கள். கடற்கரைக்கு முதன்முறையாக விடுமுறைக்கு வந்த ஏழைக் குடும்பங்களைப் பற்றி இணையத்தில் ஓடிய கேலிகள் இருக்கிறதே, நம் ஊரில் இலவசத் தொலைக்காட்சிக்கு எழுந்த அதே முணுமுணுப்பு, வேறு மொழியில். குழந்தை வறுமை குறைந்தது. பிறப்பு விகிதத்தை உயர்த்துவோம் என்றார்கள், அது மட்டும் நடக்கவில்லை. 2024-இல் 800 ஸ்வோட்டியாக ஆக்கியும் அந்த வருடம் பிறந்த குழந்தைகள் சுமார் இரண்டரை லட்சம்தான். வாடகையைப் பார்த்துவிட்டு யார் பெற்றுக்கொள்வார்கள்?

பானிக்குச் சிறு குழந்தை இல்லாததால் அந்தப் பணம் இல்லை. ஆனால் ஓய்வூதியர்களுக்கு 2019 முதல் பதின்மூன்றாவது மாதத் தொகை ஒன்று வருகிறது, பிறகு பதினான்காவதும் சேர்ந்தது. அந்தக் கட்சிக்குத்தான் வாக்களித்தீர்களா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. பாலாடைக்கட்டி கேக்கை இன்னொரு துண்டு வெட்டி என் தட்டில் வைத்தார். கேக் வாயில் இருக்கும்போது கேள்வி வராது என்பது அவர் கணக்கு.

அவரிடம் ஒரு முறை நேரடியாகவே கேட்டிருக்கிறேன்: பழைய காலம் திரும்ப வேண்டுமா? என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். கழிப்பறைக் காகிதத்துக்கு வரிசையில் நின்றதை மறக்கச் சொல்கிறாயா என்றார். இப்போது மருந்து கிடைக்கிறது, ஆரஞ்சு கிடைக்கிறது, டிராம் சுத்தமாக இருக்கிறது. "நாடு நன்றாக ஆகிவிட்டது. நான்தான் கொஞ்சம் சீக்கிரம் பிறந்துவிட்டேன்."

அவர் ஆலை இருந்த இடம் எங்கள் வீட்டிலிருந்து டிராமில் பதினைந்து நிமிடம். போஸ்னான்ஸ்கி கட்டிய அந்த வளாகம் 2006 மே மாதம் 'மனுஃபக்தூரா' என்ற வணிக வளாகமாகத் திறந்தது. செங்கலைத் தேய்த்துக் கழுவி அழகாக வைத்திருக்கிறார்கள். நூற்பாலை நான்கு நட்சத்திர ஹோட்டல். தீயணைக்க மொட்டைமாடியில் தண்ணீர் சேர்த்து வைத்திருந்த தொட்டி இருந்த இடத்தில் இப்போது நீச்சல்குளம். கோடையில் முற்றத்தில் மணல் கொட்டிக் கடற்கரை செய்கிறார்கள். எனக்கு அந்த இடம் பிடிக்கும், ஒளிப்பதில் அர்த்தமில்லை. வார இறுதியில் நானும் அங்கேதான் சுற்றுகிறேன்.

அங்கே ஒரு கடையில் சட்டை எடுத்துக் காலரைத் திருப்பினால் பங்களாதேஷ் என்று இருக்கும், எப்போதாவது இந்தியா. 2013 ஏப்ரலில் டாக்கா அருகே ரானா பிளாசா இடிந்து ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது, இடிபாடுகளில் கிடைத்த லேபிள்களில் ஒன்று எல்பிபி என்ற போலந்து நிறுவனத்தின் 'க்ராப்'. வூச் பெண்களின் வேலை எங்கே போனது என்று யாராவது கேட்டால் அந்த லேபிளைக் காட்டலாம். 2013-இலிருந்து சீனாவின் செங்டுவிலிருந்து நேரடிச் சரக்கு ரயிலும் இந்த ஊருக்கு வருகிறது. ஊரின் வடக்கே இரண்டு நெடுஞ்சாலைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் சன்னலில்லாத கிடங்குகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. உள்ளே உக்ரைன்காரர்களும் நேபாளிகளும் இரவு ஷிப்டு. என் அறைக்குப் பக்கத்து அறையில் இருந்த கேரளத்துப் பையன், படிக்க வந்தவன், முதுகில் சதுரப் பையோடு பனியில் சைக்கிள் மிதித்துச் சாப்பாடு கொடுத்தான். பானி அவனைப் பார்க்கும்போதெல்லாம் தொப்பி போடச் சொல்லித் திட்டுவார்.

மனுஃபக்தூராவுக்கு அவர் வரவே மாட்டார். பல வருடம் கூப்பிட்டேன். போன இலையுதிர் காலத்தில், கண்ணாடிக் கடையில் தள்ளுபடி என்று சொன்னதும் கிளம்பிவிட்டார். கண்ணாடியை வாங்கிய பிறகு, பழைய நெசவுக் கூடம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, அது இப்போது நவீனக் கலைக்கூடம். சீட்டு வாங்கி உள்ளே போனோம்.

வெள்ளைச் சுவர்களில் கட்டங்களும் கோடுகளுமான ஓவியங்கள். அவர் ஒன்றையும் பார்க்கவில்லை. வரிசையாக நிற்கும் வார்ப்பிரும்புத் தூண்களைச் சன்னலிலிருந்து எண்ணிக்கொண்டே நடந்தார். ஒரு தூணருகே நின்று, தரையைக் காலால் தட்டிப் பார்த்தார். தரை புதிது. மேலே பார்த்தார்.

"இந்தச் சன்னல்களைத் திறக்க விடமாட்டார்கள்" என்றார். "கோடையில் முப்பது டிகிரி, உள்ளே ஈரத்தைத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். ஈரம் குறைந்தால் பாவு நூல் அறுந்துவிடும்." எங்கள் அப்பாவும் இதையே சொல்லியிருக்கிறார் என்றேன்.

மூலையில் சுவரோடு ஒட்டி ஒரு சின்னக் கருவி இருந்தது. புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் எண்ணைப் படித்தார். என்ன அது என்று கேட்டார்.

"ஈரப்பதம் அளக்கிறது, பானி."

"இப்போதுமா? யாருக்காக?"

"படங்களுக்காக."

தலையை ஆட்டினார். "எங்கள் காலத்திலும் நூலுக்காகத்தான்" என்று சொல்லிவிட்டு, வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டார். மூன்றரை மணி டிராமைப் பிடித்தால் உட்கார இடம் கிடைக்கும்.